எட்டு வடிவ ரோடு: உங்க நேஷனல் பார்க் ட்ரிப்பை நூறு வருஷம் முன்னாடியே பிளான் பண்ணவங்க

(எபிசோடின் எடிட் செய்த எழுத்து வடிவம். பேசியதில் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

மே மாதம் வந்துவிட்டால் அமெரிக்காவில் இருக்கும் நம்ம ஆட்கள் வீட்டில் ஒரு வேலை தவறாமல் நடக்கும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள். லேப்டாப்பில் கூகுள் மேப் திறந்திருக்கும். ஒரு டேபில் லாஸ் வேகாஸ், ஸயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன். இன்னொன்றில் யெல்லோஸ்டோன், கிளேசியர். நடுவில் ஒரு எக்ஸெல் ஷீட்: எந்த நாள் எங்கே தங்கல், எங்கே பெட்ரோல், அம்மாவுக்கு முட்டிவலி என்பதால் எங்கே நடை கம்மி, ரைஸ் குக்கரை எந்த மோட்டலில் செருகுவது.

இந்த பிளானை நாமதான் போடறோம்னு நினைக்கிறோம். உண்மையில் இதில் பாதியை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே வேறு சிலர் போட்டு முடித்துவிட்டார்கள். எந்த ரோடு எங்கே போகணும், எங்கே ஹோட்டல், யார் உள்ளே வரலாம், யார் வெளியே போகணும் எல்லாமே ஒருத்தர் எடுத்த முடிவுதான். ஆபீஸில் பழைய கோடைத் திறந்து பார்த்து, "இதை ஏன் இப்படி எழுதியிருக்காங்க?" என்று கேட்போம் இல்லையா? அந்தக் கேள்வியை இன்றைக்கு ரோடு மேப்பைப் பார்த்துக் கேட்கப் போகிறோம்.

குதிரை போட்ட கணக்கு

யெல்லோஸ்டோன் மேப்பை எடுங்க. நடுவில் ஒரு பெரிய 8 தெரியும். அதற்குப் பெயர் கிராண்ட் லூப், சுமார் 142 மைல். மாமத், ஓல்ட் ஃபெய்த்ஃபுல், லேக், கேன்யன் என்று தங்குமிடங்கள் அந்த 8 மேலேயே விட்டு விட்டு இருக்கும். காரில் போகிறவருக்கு அந்த இடைவெளி கொஞ்சம் வினோதமாகப் படும். ஒரு மணி நேரம் ஓட்டுவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடுகிறதே!

காரணம் எளிது. அந்த ரோடு காருக்காகப் போட்டதே இல்லை. 1872 மார்ச் 1 அன்று ஜனாதிபதி யுலிசஸ் கிராண்ட் கையெழுத்துப் போட்டு யெல்லோஸ்டோனை நேஷனல் பார்க் ஆக்கினார். அந்தச் சட்டத்துக்கு நார்தர்ன் பசிபிக் ரயில்வேயின் ஆதரவு பலமாக இருந்தது. அழகான இடம் ஒன்று இருந்தால் டிக்கெட் விற்கும் இல்லையா? 1883-இல் ரயில் பார்க்கின் வடக்கு வாசலுக்குப் பக்கத்தில் வந்தது. அதே வருஷம் ராணுவ இன்ஜினியர் டான் கிங்மன் ரோடு வேலையைக் கையில் எடுத்தார். அவருக்குப் பிறகு வந்த ஹைரம் சிட்டெண்டன் அதை முழுமையாக்கினார்.

ரயிலில் இறங்கிய பயணிகள் குதிரை வண்டியில் ஏறி ஏறக்குறைய ஐந்து நாளில் அந்த 8-ஐச் சுற்றி வருவார்கள். குதிரை ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகுமோ அங்கே ராத்திரி ஹோட்டல். பாதி வழியில் மதியச் சாப்பாடு. 1891-இல் லேக் ஹோட்டல், 1904-இல் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இன். இன்றைக்கு நீங்க ரூம் தேடும் இடங்கள் அந்தக் குதிரைக் கணக்கில் உட்கார்ந்தவை.

இந்த மாடலில் ஒரு சிக்கல். ரயில் டிக்கெட், வண்டி, ஹோட்டல் எல்லாம் சேர்த்தால் சாதாரணக் குடும்பம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. கிராண்ட் கேன்யனிலும் அதே கதை: 1901-இல் சாண்டா ஃபே ரயில், 1905-இல் எல் டோவர் ஹோட்டல். சட்டம் "மக்களின் நன்மைக்கும் மகிழ்ச்சிக்கும்" என்றது. அந்த "மக்கள்" யார் என்பதை டிக்கெட் கவுன்டர் முடிவு பண்ணியது.

ஏதேன் தோட்டத்துப் பாம்பு

அப்புறம் கார் வந்தது. 1908-இல் ஃபோர்டின் மாடல் டி வெளிவந்தது, விலை போகப் போக இறங்கியது. பார்க் வாசலில் பெரிய சண்டை ஆரம்பித்தது: காரை உள்ளே விடலாமா வேண்டாமா?

1912-இல் அமெரிக்காவில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஜேம்ஸ் பிரைஸ், யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கை விடுத்தார். பாம்பு என்ன செய்யப் போகிறது என்று ஆதாமுக்கு முன்பே தெரிந்திருந்தால் அதை ஏதேன் தோட்டத்தில் விட்டிருப்பானா, கார் விஷயமும் அப்படித்தான் என்கிற அர்த்தத்தில். யாரும் கேட்கவில்லை. 1913-இல் யோசெமிட்டிக்குள் காரை அனுமதித்தார்கள். 1915 ஆகஸ்ட் 1 அன்று யெல்லோஸ்டோனும் கதவைத் திறந்தது.

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு தகவல். 1915-இல் யெல்லோஸ்டோனில் குதிரை வண்டிகளும் கார்களும் ஒரே ரோட்டில். குதிரை மிரளக் கூடாது என்பதற்காகக் காருக்கு டைம் டேபிள் போட்டார்கள். இந்த செக்போஸ்டை இத்தனை மணிக்கு விடணும், அடுத்ததற்கு இத்தனை மணிக்கு முன்னால் வரக் கூடாது, சீக்கிரம் வந்தால் அபராதம்! இப்போ சில பார்க்குகளில் "டைம்டு என்ட்ரி" புக் பண்ணச் சொன்னால், "என்ன இது புதுத் தொல்லை" என்று சலித்துக்கொள்கிறோம் இல்லையா? அது நூறு வயசுத் தாத்தா. ஆனால் அந்தக் காலத்துக் குதிரைகளுக்கு அந்தப் பாதுகாப்பு ரெண்டு வருஷம்தான் கிடைத்தது. 1917-இல் குதிரை வண்டிகளை எடுத்துவிட்டு மோட்டார் பஸ் விட்டுவிட்டார்கள்.

போராக்ஸ் கோடீஸ்வரரும் ஒரே ஒரு கொண்டை ஊசியும்

இந்தக் கதையின் நடு நாயகர் ஸ்டீபன் மாதர். போராக்ஸ் வியாபாரத்தில் பணக்காரர் ஆனவர். 1916 ஆகஸ்ட் 25 அன்று நேஷனல் பார்க் சர்வீஸ் உருவானது. அதன் முதல் டைரக்டர் இவர். அவருடைய கணக்கு: மக்கள் வந்தால்தான் ஓட்டு, ஓட்டு இருந்தால்தான் காங்கிரஸ் பணம் தரும், பணம் இருந்தால்தான் மரம் வெட்டுபவரிடமும் அணை கட்டுபவரிடமும் இருந்து பார்க்கைக் காப்பாற்ற முடியும். மக்கள் வர வேண்டுமென்றால் கார் வேண்டும். காருக்கு ரோடு வேண்டும்.

இதில் அவர் காட்டிய வேகம் அசாத்தியம். பார்க் சர்வீஸ் பிறப்பதற்கு முன்பே, 1915-இல், யோசெமிட்டியின் டியோகா ரோட்டை வாங்கத் தன் சொந்தக் காசையும் நண்பர்கள் காசையும் போட்டு அரசாங்கத்துக்குக் கொடுத்தார். 1920 ஆகஸ்டில் டென்வரில் "பார்க்-டு-பார்க் ஹைவே" தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு சின்னக் குழு காரில் கிளம்பி, மேற்கில் ஒன்பது மாநிலங்கள், பன்னிரண்டு பார்க்குகள் சுற்றிவிட்டு வந்தது. பெரும்பாலும் தார் போடாத ரோடு. மொத்தம் 76 நாள்! நீங்க பத்து நாள் லீவில் ஆறு பார்க் போட நினைக்கும்போது இந்த நம்பரை ஞாபகம் வச்சுக்கோங்க.

கிளேசியர் பார்க்கின் கோயிங்-டு-தி-சன் ரோடு இதில் உச்சம். தலைமை இன்ஜினியர் ஜார்ஜ் குட்வின் போட்ட வரைபடத்தில் மலை ஏற 15 கொண்டை ஊசி வளைவுகள். செலவு கம்மி. லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் தாமஸ் வின்ட், மலைச் சரிவைக் கீறினால் அந்தத் தழும்பு என்றைக்கும் மறையாது என்று சொல்லி, ஒரே ஒரு வளைவோடு மலைச் சுவரை ஒட்டிப் போகும் வழியைக் காட்டினார். செலவு அதிகம், வேலையும் கஷ்டம். மாதர் வின்ட் பக்கம் நின்றார். 1933 ஜூலை 15-இல் ரோடு திறக்கப்பட்டது. இன்றைக்கு லோகன் பாஸ், அதாவது 6,646 அடி உயரத்தை, நடக்க முடியாத ஒரு பாட்டி கார் ஜன்னல் வழியாகப் பார்க்க முடிகிறது. அது சின்ன விஷயம் இல்லை. பிரைஸ் சொன்னதைக் கேட்டிருந்தால் நம்ம அம்மா அப்பாவுக்கு அந்த இடம் கிடைத்திருக்காது.

வெளியே அனுப்பப்பட்டவர்கள்

இந்தப் பக்கத்தோடு நிறுத்தினால் கதை இனிப்பாக முடியும். ஆனால் லோகன் பாஸில் கிழக்கே திரும்பினால் தெரியும் மலைகள் 1895 வரை பிளாக்ஃபீட் மக்களின் நிலம். பஞ்சத்தாலும் நோயாலும் நொறுங்கிப் போயிருந்த நேரத்தில் 15 லட்சம் டாலருக்கு அதை அரசாங்கத்துக்குக் கொடுத்தார்கள். வேட்டையாடும் உரிமையையும் மரம் வெட்டும் உரிமையையும் ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டார்கள். 1910-இல் பார்க் வந்தது, அந்த உரிமைகள் மறுக்கப்பட்டன. ஆனால் ரயில்வே விளம்பரத்துக்கு மட்டும் அவர்கள் முகம் தேவைப்பட்டது.

யெல்லோஸ்டோனில் துக்குதிக்கா என்ற மக்கள் காட்டு ஆடு வேட்டையாடி வாழ்ந்தார்கள். பார்க் வந்த சில வருஷங்களிலேயே அவர்கள் ரிசர்வேஷன்களுக்கு அனுப்பப்பட்டார்கள். கூடவே ஒரு கதையும் பரப்பப்பட்டது: பூர்வகுடிகள் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பயந்து இங்கே வருவதே இல்லையாம்! அந்தப் பார்க்கின் அப்சிடியன் பாறையிலிருந்து எடுத்த கண்ணாடிக் கல், ஓஹையோ வரைக்கும் பழங்காலப் புதைமேடுகளில் கிடைத்திருக்கிறது. பயந்தவர்கள் செய்யும் வேலையா அது? யோசெமிட்டியில் கடைசி பூர்வகுடிக் கிராமத்தின் வீடுகள் 1969-இல்தான் அழிக்கப்பட்டன. நிலவில் மனிதன் கால் வைத்த அதே வருஷம்.

"மனிதக் கால் படாத இயற்கை" என்று போஸ்ட்கார்டில் பார்க்கிறோமே, அது இருந்த இடம் இல்லை. ஆட்களை அனுப்பி உருவாக்கிய இடம்.

ரோடும் எல்லாருக்கும் ஒரே மாதிரி திறக்கவில்லை. 1903-இல் சிகோயா பார்க்கை நிர்வகித்தவர் கேப்டன் சார்லஸ் யங், அடிமைக் குடும்பத்தில் பிறந்த கறுப்பின ராணுவ அதிகாரி. ராட்சத மரங்கள் இருக்கும் ஜெயன்ட் ஃபாரஸ்ட் வரை முதல் வண்டிப்பாதையை முடித்தது அவரும் அவருடைய வீரர்களும்தான். ஆனால் சில பத்தாண்டுகள் கழித்து, ஒரு கறுப்பினக் குடும்பம் சொந்தக் காரில் மேற்கே கிளம்பினால் வழியில் எந்த மோட்டல் ரூம் கொடுக்கும், எந்த ஊரில் இருட்டுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று தெரியாமல் போக முடியாது. நியூயார்க்கில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன், 1936-இலிருந்து அதற்காகவே ஒரு கைடு வெளியிட்டார். அதுதான் கிரீன் புக். அந்தக் குடும்பங்களுடைய "எக்ஸெல் ஷீட்" அது. அதில் ஒரு வரி தப்பானால் போவது லீவு மட்டும் இல்லை, உயிரும் போகலாம்.

அப்படின்னா ட்ரிப்பை கேன்சல் பண்ணணுமா?

வேண்டாம். ஆனால் மேப்பைக் கொஞ்சம் வேற மாதிரி படிக்கலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கூட்டம் பெருகி, 1956-இல் "மிஷன் 66" என்று பத்து வருஷத் திட்டம் போட்டு, சுமார் நூறு கோடி டாலரை ரோடு, பார்க்கிங், விசிட்டர் சென்டர் என்று கொட்டினார்கள். ரோடு அகலமானால் கூட்டம் குறையும்னு நினைத்தார்கள். சென்னைக்காரங்களுக்கு இதன் முடிவைச் சொல்லவே வேண்டாம். 2024-இல் பார்க் சர்வீஸின் எல்லா இடங்களுக்கும் சேர்த்து 33 கோடிக்கும் மேல் வருகைகள். ஸயான் விழித்துக்கொண்டது: 2000-இலிருந்து வருஷத்தின் பெரும்பகுதி அதன் முக்கியப் பள்ளத்தாக்கில் சொந்தக் கார் கிடையாது, ஷட்டில் பஸ்தான். காரை விட்டதும் முடிவு, காரை நிறுத்துவதும் முடிவு. இரண்டும் மாற்றக்கூடியவை.

நிலமும் அப்படித்தான். கிராண்ட் கேன்யனில் ஹவசுபாய் மக்களுக்கு 1975-இல் சட்டம் போட்டு சுமார் 1,85,000 ஏக்கர் திருப்பிக் கொடுக்கப்பட்டது. எழுதியதைத் திருத்த முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

அதனால் பிளான் போடும்போது சில விஷயங்கள். கிளேசியரில் பிளாக்ஃபீட் மக்களே நடத்தும் பஸ் டூர் இருக்கிறது. அதே ரோடு, அதே மலை, ஆனால் பெயர்களும் கதைகளும் அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களுடையது. ஓட்டும் டென்ஷனும் இல்லை. அடுத்து, மான்யுமென்ட் வேலி நேஷனல் பார்க் கிடையாது. 1958-இலிருந்து அது நவாஹோ மக்களின் பார்க். உங்க வருடப் பாஸ் அங்கே செல்லாது, செல்லவும் கூடாது. தனியாக டிக்கெட் வாங்குங்க. அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அரிசோனாவின் மற்ற பகுதியில் தள்ள மாட்டார்கள். கிராண்ட் கேன்யனிலிருந்து வருகிறீர்கள் என்றால் ஒரு மணி நேரம் காணாமல் போகும். டைம்ஸோன் பக் பார்த்த யாருக்கும் இதுக்கு மேல் விளக்கம் தேவையில்லை!

டியோகா ரோடு, கோயிங்-டு-தி-சன் ரோடு இரண்டும் பனியால் வருஷத்தில் பல மாதம் மூடியிருக்கும். சில வருஷம் ஜூன் கடைசி, ஜூலை வரைகூட முழுதாகத் திறக்காது. எந்தப் பார்க்குக்கு என்ட்ரி புக்கிங் வேண்டும் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. போன வருஷம் போன நண்பரைக் கேட்காதீங்க, பார்க் சர்வீஸ் வெப்சைட்டைப் பாருங்க. அப்புறம் அந்த 8. அதை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீங்க. குதிரைக்கு ஐந்து நாள் ஆனது. உங்களுக்கு மூணு நாளாவது கொடுங்க.

ஓல்ட் ஃபெய்த்ஃபுல் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, "இதுக்கு முன்னாடி இங்கே யாருப்பா இருந்தாங்க?" என்று அப்பா கேட்டால், "யாருமில்லப்பா, வெறும் காடு" என்று மட்டும் சொல்லிடாதீங்க. துக்குதிக்கா என்ற பெயரைச் சொல்லுங்க. தண்ணீர் மேலே கிளம்புவதற்கு எப்படியும் கொஞ்ச நேரம் ஆகும், கதை சொல்ல அது போதும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். பத்திரமா ஓட்டுங்க!