சிகரற்றுப் பெட்டியிற் பிறந்த செல்வம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் புகையிலை வாணிகர், சிகரற்றுப் பெட்டி நசுங்காதிருத்தற்பொருட்டு அதனுள் ஒரு சிற்றட்டையை வைத்தனர். வெற்றட்டையை வைப்பானேன்? பேஸ்போல் வீரரின் படத்தை அதிற் பதித்தால் வாங்குவோர் தொகை பெருகுமன்றோ? சிறுவர் புகைப்போரிடம் கையேந்தி அட்டைகளைப் பெற்றனர். இரட்டித்தவற்றைத் தம்முள் மாற்றிக்கொண்டனர்.

1909 முதல் 1911 வரை வெளிவந்த வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்னும் வீரரின் அட்டைகள் மிகச் சிலவே வெளிப்போந்தன. அவர் அதற்கு உடன்பட்டிலர். சிறுவர் புகையிலையை நாடத் தம் முகம் காரணமாதலை அவர் வெறுத்தார் என்பர். ஊதியம் கிடையாமையே காரணம் என்பாரும் உளர். வாக்னர் தாமே புகையிலை மென்றவராதலின் முதற் கூற்றை முழுவதும் ஏற்றல் அரிது.

இவற்றைப் பேணத்தக்க பொருளென அந்நாளில் மதித்தார் மிகச் சிலர். அவருள் தலையாயவர் சிரக்கியூஸ் நகரத் தொழிலாளியான ஜெபர்சன் பேர்டிக். மூட்டுவாதத்தால் கைகள் முடங்கியும், வகைக்கொரு குறியீடிட்டு 1939இல் அட்டைப் பட்டியலொன்றை வெளியிட்டார். இன்றும் வணிகர் வழங்குவன அவர் இட்ட குறியீடுகளே. அட்டை முதலிய மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட அச்சுப் பொருள்களை நியூயோர்க் மெற்றோபொலிற்றன் கலைக்கூடத்துக்கு நன்கொடையாக ஈந்தார். அவற்றை ஏடுகளில் ஒட்டி முடித்த சில மாதங்களுள், 1963இல், காலமானார்.

பின்னர்ச் சந்தை விரிந்தது. வாக்னர் அட்டையொன்று 1991இல் 4,51,000 டொலருக்கு விலைபோயிற்று. 2007இல் அதுவே 28 லட்சம் டொலர் பெற்றது. அதன் ஓரங்கள் பழுதின்றி விளங்கியமையே அவ்விலைக்குக் காரணம். 2013இல், அதனை முன்னர் விற்ற வணிகர் ஒருவர் அவ்வோரங்களைத் தாமே அரிந்து நேராக்கியதாக ஒப்புக்கொண்டார்.

பேர்டிக்கின் தொகுதியிலும் ஒரு வாக்னர் அட்டை உண்டு. அது விற்பனைக்குரியதன்று.