ஆடிக் காற்றுக்கு மேலே இன்னொரு காற்று

காஞ்சிபுரத்தில் பிள்ளைகளை லண்டனுக்கும் ஜெர்மனிக்கும் அனுப்பிய வீடுகளில் அடிக்கடி கேட்பார்கள்: "போறதுக்கு மட்டும் ஏங்க கூட நேரமாகுது?" பக்கத்தில் யாராவது "பூமி கிழக்கால சுத்துதுல்ல" என்று முடித்துவிடுவார்கள். அது காரணமில்லை. பூமியோடு காற்றும் சேர்ந்துதான் சுற்றுகிறது.

உண்மையான காரணம், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆறு மாதிரி ஓடும் காற்று. 900 கி.மீ. வேக விமானத்துக்கு 100 கி.மீ. எதிர்காற்று என்றால், தரைக்கணக்கில் வேகம் 800தான். 7,200 கி.மீ. போக எட்டு மணி நேரத்துக்குப் பதில் ஒன்பது. அந்த ஒரு மணி நேர எரிபொருளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கிளம்பணும்.

இதை முதலில் அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானின் வாசபுரோ ஓயிஷி. 1920களில் பலூன் விட்டுப் பார்த்தார். 1926ல் அதை எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்றுதான். யாரும் கண்டுகொள்ளவில்லை! 1944 நவம்பரில் டோக்கியோ மேல் பறந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அதே காற்றில் சிக்கி, குண்டுகள் இலக்கு தவறின.

நம்ம ஊர் வானத்தின் கதை வேறு. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும் என்கிறோமே, தெருவில் பாவு விரிக்கிறவர்களைப் படுத்தும் அந்தக் காற்று மேற்கிலிருந்து வருவது. ஆனால் அதே நாளில் பதினான்கு கிலோமீட்டர் மேலே கிழக்கிலிருந்து மேற்கே இன்னொரு காற்று பாய்கிறது. 1958ல் இதைப் பற்றி விரிவாக எழுதியவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டீஸ்வரம், பின்னாளில் அத்துறையின் தலைமை இயக்குநர். கோடையில் திபெத் பீடபூமி சூடாகி, மேல்வானில் தெற்கைவிட வடக்கு வெப்பமாகிவிடுவதால் காற்று திசை மாறுகிறது என்று விளக்கினார். இந்தக் காற்றின் மையம் ஏறக்குறைய நம் அட்சரேகைப் பக்கம்தான். ஓயிஷிக்குக் கிடைக்காத கவனம் இவருக்குக் கிடைத்தது; இன்று பருவமழைப் பாடங்களில் இந்தக் கீழைக்காற்று கட்டாயம் இருக்கும்.

விமானங்கள் அதற்குக் கொஞ்சம் கீழேதான் பறக்கின்றன. ஆனாலும் அதன் இழுப்பு அங்கேயும் உண்டு. லண்டன் போகிறவருக்குத் துருக்கி தாண்டினால் பழைய எதிர்காற்றுதான். ஜூலையில் துபாய் போகிறவருக்கோ காற்று முதுகில். லீவுக்கு ஊர் திரும்பும்போதுதான் முகத்தில்.