வாக்குமூலமும் திரைக்கதையும்: ராஜீவ் காந்தி கொலைப் படங்கள், 1991–2025

பழவேற்காடு ஏரியின் மேல் மாநில எல்லை ஓடுகிறது. தெற்கே பழவேற்காடு, கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய ஊர்கள் தமிழ்நாட்டில். ஏரியின் பெரும்பகுதியும் தெலுங்கு பேசும் வடகரைக் குப்பங்களும் ஆந்திரத்தில். வலை போடும் உரிமையைப் பேசும்போது மட்டுமே கவனத்துக்கு வரும் இந்த எல்லைக்கு 2013 ஆகஸ்ட் 23 அன்று இன்னொரு வேலை வந்தது. ‘மெட்ராஸ் கஃபே’ என்ற இந்திப் படம் அன்று வெளியானது. வடகரை மாநிலத்தில் அதற்குத் தடங்கல் இல்லை. தென்கரை மாநிலத்தில் படம் வரவில்லை.

படத்தின் கரு தென்கரைக்காரர்களின் சொந்த மாவட்டத்தில் நடந்த ராஜீவ் காந்தி கொலை. 1991இல் பழவேற்காடும் கொலை நடந்த ஸ்ரீபெரும்புதூரும் பிரிக்கப்படாத செங்கற்பட்டு மாவட்டத்துக்குள் இருந்தன. 1997இல்தான் அந்த மாவட்டம் திருவள்ளூர், காஞ்சிபுரம் என இரண்டானது. கொலை நடந்த மாவட்டத்தில் பார்க்க முடியாத படத்தை ஏரியின் அக்கரையில் பார்க்கலாம் என்ற இந்த விசித்திரத்திலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது.

அரசியல் கொலையைப் பற்றிப் படம் வரும்போதெல்லாம் நாம் கேட்பது ஒன்றுதான்: நடந்ததைக் காட்டினார்களா, கதை விட்டார்களா? ராஜீவ் காந்தி கொலையை ஒட்டி வந்த படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது இந்தக் கேள்வி போதாது என்றே எனக்குப் படுகிறது. இவற்றில் பல, தம் கையில் இருந்த ஆவணத்துக்கு உண்மையாகவே நடந்துகொண்டன. சிக்கல் ஆவணத்தில் இருந்தது. அது பெரும்பாலும் காவல் அதிகாரி எழுதிக்கொண்ட வாக்குமூலம். அந்தத் தாள் முடியும் இடத்தில் சதிக்கதை தொடங்குகிறது.

தமிழ்த் திரைக்கு அரசியல் கொலை புதிதன்று. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆட்சியர் ஆஷைச் சுட்ட நிகழ்வு பி. ஆர். பந்துலுவின் ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) படத்துக்குள் வந்தது. அங்கே வாஞ்சி தியாகி; மறுபேச்சு இல்லை. அவர் சட்டைப்பையில் இருந்த கடிதம் சனாதன தர்மத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்ற விவாதம் படம் வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே சூடுபிடித்தது. கமல்ஹாசனின் ‘ஹே ராம்’ (2000) துணிச்சலாக வேறு பாதை பிடித்தது. காந்தியைக் கொல்லக் கோட்சேவைப் போலவே இன்னொருவனும் துப்பாக்கியோடு கிளம்பினான் என்று சாகேத் ராம் என்ற கற்பனை மனிதனை வரலாற்றுக்குள் நுழைத்தது. பார்வையாளர் யாரும் அதை வரலாறு என்று எடுத்துக்கொள்ளவில்லை. படமும் அப்படிக் கேட்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், காந்தி கொலையில் இரண்டாவது ஆள் இருந்தான் என்று வாதிட்ட ஒரு மனு உண்மையாகவே உச்ச நீதிமன்றம் வரை போய் 2018இல் தள்ளுபடியானது. அதற்கும் படத்துக்கும் தொடர்பில்லை. கொலைக்குப் பின்னால் இன்னொரு கை இருந்தே தீரவேண்டும் என்ற மனநிலை மட்டும் பொது.

ஸ்ரீபெரும்புதூர் கொலையில் நிலைமை முற்றிலும் வேறு. 1991 மே 21 இரவு 10.20 மணி அளவில் குண்டு வெடித்தது. படம் எடுத்துக்கொண்டிருந்த ஹரிபாபு இறந்தார். அவருடைய கேமரா பிழைத்தது. அதற்குள் 10 படங்கள். கையில் மாலையோடு மனித வெடிகுண்டாக வந்த தணு, வெள்ளை ஜிப்பாவில் பத்திரிகையாளர் வேடத்தில் சதியை நடத்திய விடுதலைப் புலிகள் அமைப்பின் சிவராசன், கடைசியில் வெடிப்பின் தீ. உலகில் எந்த அரசியல் கொலைக்கும் கொலைகாரர்களே ஏற்பாடு செய்த புகைப்படக்காரரின் சாட்சியம் இப்படிக் கிடைத்ததாக நான் அறியவில்லை. சந்தன மாலை அண்ணா சாலைப் பூம்புகார் விற்பனை நிலையத்தில் வாங்கப்பட்டது என்பதற்கு ரசீது வரை கிடைத்தது. மே 7 அன்று சென்னை நந்தனத்தில் வி. பி. சிங் கூட்டத்தில் ஒத்திகை பார்த்தார்கள் என்பதும் வழக்கில் பதிவாகியிருக்கிறது. ஆக, ‘எப்படி’ என்ற கேள்விக்குத் திரைக்கதை எழுத்தாளர் கற்பனை செய்யவேண்டிய தேவையே இருக்கவில்லை.

‘ஏன்’, ‘யாருக்காக’ என்ற கேள்விகளுக்கு வந்தால் தரை வழுக்கத் தொடங்குகிறது. டி. ஆர். கார்த்திகேயன் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழு 1992 மே மாதத்தில் 41 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அவர்களில் 12 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். 3 பேர் தலைமறைவு. எஞ்சிய 26 பேருக்கும் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்து, 4 பேருக்குத் தூக்கையும் 3 பேருக்கு ஆயுளையும் உறுதி செய்தது. பயங்கரவாதத் தடுப்புக்கான தடா சட்டத்தின் கீழான குற்றங்கள் நிரூபிக்கப்படவில்லை என்று சொன்ன அதே தீர்ப்பு, அந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி காவல் கண்காணிப்பாளர் முன் 17 பேர் அளித்த வாக்குமூலங்களைச் சாட்சியமாக ஏற்றது. இந்த ஒரு புள்ளியை மறந்துவிட்டு இப்படங்களின் வரலாற்று நேர்மையைப் பற்றிப் பேசமுடியாது.

பழவேற்காட்டில் பாடு முறை என்று ஒன்று உண்டு. ஏரியின் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி முறைவைத்துத் தீர்மானிப்பார்கள். தகராறு வந்தால் ஊர்க்கூட்டத்தில் எல்லார் முன்பும் வாய் திறந்து சொல்லவேண்டும். மூடிய அறைக்குள் அதிகாரி எழுதிக்கொண்டதே சாட்சியம் என்ற ஏற்பாட்டை அந்தக் கூட்டத்தில் விளக்கிப் புரியவைப்பது சுலபமில்லை.

முதலில் எடுக்கப்பட்ட படம் முதலில் வெளிவரவில்லை. ஆர். கே. செல்வமணியின் ‘குற்றப்பத்திரிகை’ தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தயாரானது. தணிக்கைச் சான்றிதழ் மறுக்கப்பட்டு, நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கி, வெட்டுகளோடு 2007இல்தான் திரைக்கு வந்தது. சூடான நிகழ்காலப் படமாக எடுக்கப்பட்டது, வெளிவந்தபோது பழைய காலப் படமாகிவிட்டது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் அமெரிக்காவைப் பாருங்கள். ராஜீவ் கொல்லப்பட்ட அதே 1991இன் டிசம்பரில் ஆலிவர் ஸ்டோனின் ‘ஜே.எப்.கே.’ வெளியானது. கென்னடி கொலையைப் பற்றி அதில் சொல்லப்பட்ட சதியை வரலாற்றாசிரியர்கள் பிழிந்து எடுத்தார்கள். அவர்கள் செய்தது சரியே. ஆனாலும் அந்தப் படம் எழுப்பிய கூச்சலால் 1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் கென்னடி கொலைக் கோப்புகளைத் திறக்கச் சட்டம் இயற்றியது. பிழைகள் மலிந்த படம் அங்கே ஆவணக் கதவைத் திறந்தது. இங்கே படமும் பெட்டிக்குள், கோப்பும் பெட்டிக்குள்.

இடையில் வந்த சந்தோஷ் சிவனின் ‘தி டெரரிஸ்ட்’ (1998) இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. தமிழ் பேசும் படம். நாட்டின் பெயர் இல்லை, இயக்கத்தின் பெயர் இல்லை, குறிவைக்கப்படும் தலைவரின் பெயர் இல்லை. பத்தொன்பது வயது மல்லி விசையை அழுத்துவாளா என்பதோடு படம் நின்றுவிடுகிறது. வரலாற்றுத் துல்லியம் என்ற அளவுகோலை நீட்டினால் இதற்குச் சுழியம்தான். என் தீர்ப்பு வேறு: நடந்தது இதுதான் என்று சொல்லாததால் பொய்யும் சொல்லாத ஒரே படம் இதுதான்.

2006, 2007இல் மூன்று படங்கள் அடுத்தடுத்து வந்தன. ஏ. எம். ஆர். ரமேஷ் கன்னடத்தில் ‘சயனைட்’ எடுத்து, அதையே தமிழில் ‘குப்பி’ ஆக்கினார். மேஜர் ரவி மலையாளத்தில் ‘மிஷன் 90 டேஸ்’ எடுத்தார். மூன்றும் கொலையை விட்டுவிட்டு வேட்டையைப் பிடித்துக்கொண்டன. 1991 ஆகஸ்ட் 20 அதிகாலை பெங்களூரை அடுத்த கோணனகுண்டேயில் சிவராசன், சுபா உள்ளிட்ட 7 பேர் பிணமாகக் கிடந்த வீடுதான் இவற்றின் உச்சக் காட்சி. மேஜர் ரவி அந்த நடவடிக்கையில் கமாண்டோவாக நேரில் இருந்தவர். வீட்டைச் சுற்றி வளைத்த பிறகும் உள்ளே போக உத்தரவு வராமல் ஒரு நாளுக்கும் மேல் காத்திருக்கவைத்தார்கள் என்ற அவருடைய ஆற்றாமை படம் முழுக்க ஒலிக்கிறது. சதிக்கோட்பாட்டாளர்கள் அந்தத் தாமதத்தைத்தான் பற்றிக்கொண்டார்கள்: உயிரோடு பிடித்தால் பேசிவிடுவார்கள் என்று யாரோ பயந்தார்கள். சயனைடு முறிவு மருந்துக்காகவும் மேலிட அனுமதிக்காகவும் காத்திருந்தோம் என்பது அதிகாரிகள் தரப்பு. கண்ணால் கண்டவர் எடுத்த படம்கூட, தாமதம் நடந்தது என்பதை மட்டுமே காட்ட முடியும். அதற்கான காரணம் கேமரா நுழையாத அறையில் இருந்தது.

சதிக்கதையைத் திரைக்காரர்கள்தான் ஊதிப் பெருக்கினார்கள் என்று சொல்வோர் ஜெயின் ஆணையத்தை மறந்துவிடுகிறார்கள். பாதுகாப்புக் குறைபாடுகளை விசாரித்த வர்மா ஆணையம் 1992இல் வேலையை முடித்துக்கொண்டது. பின்னணிச் சதியை விசாரித்த ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை 1997 நவம்பரில் கசிந்தது; தி.மு.க. அமைச்சர்களை நீக்கக் கோரிய காங்கிரஸ் ஆதரவை விலக்க, குஜ்ரால் அரசு கவிழ்ந்தது. எந்தச் சினிமாவும் இதுவரை ஒரு மத்திய அரசைக் கவிழ்த்ததில்லை. இறுதி அறிக்கை மேலும் விசாரணை கோரியதால் 1998இல் பல்நோக்குக் கண்காணிப்புக் குழு அமைந்தது. அது 2022 வரை நீடித்துக் கலைக்கப்பட்டது. இருபத்துநான்கு ஆண்டுகள் ‘விசாரணை நிலுவையில்’ என்ற பலகை தொங்கினால், அதன் அடியில் வதந்தி கடை விரிக்காமல் என்ன செய்யும்?

‘மெட்ராஸ் கஃபே’ அந்தப் பலகைக்கு அடியில் எழுதப்பட்ட படம். சூஜித் சர்க்கார் இயக்கியது. புலிகள் அமைப்பு எல்.டி.எப். ஆயிற்று, பிரபாகரன் பாஸ்கரன் ஆனார், கொல்லப்படுபவர் வெறும் ‘முன்னாள் பிரதமர்’. கொலைக்குப் பின்னால் மேலை நாட்டு வணிக நலன்கள் இருந்தன என்று கதை போகிறது. உளவு அதிகாரி ஒருவர் கடைசி நிமிடம் வரை தடுக்க ஓடுகிறார். கொலைக்கான நோக்கம் இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படை பற்றிய பகையே என்றுதான் உச்ச நீதிமன்றம் கண்டது. வணிகச் சதிக்கு அத்தீர்ப்பில் இடமில்லை. படத்தை எதிர்த்தவர்களின் கோபம் இந்தப் பிழையின் மேல் இல்லை, புலிகளைக் காட்டிய விதத்தின் மேல்தான். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம், கலகம் வரும் என்ற மிரட்டலைக் காட்டி அரசு படத்தை முடக்கக்கூடாது என்று தெளிவாகவே சொல்லியிருந்தது. நடைமுறையில் அரசு தடை போடவே தேவைப்படவில்லை. திரையரங்குகள் தாமாகவே ஒதுங்கிக்கொண்டன. மோசமான வரலாறு விவாதத்தில் தோற்பதற்கான வாய்ப்பு அப்படிப் போயிற்று.

அதே 2013இன் நவம்பரில் வந்த ஒரு சிறிய ஆவணப்படம் இந்த வரிசையையே புரட்டிப்போட்டது. மரண தண்டனைக்கு எதிரான இயக்கத்தினர் வெளியிட்ட ‘உயிர்வலி’. தூக்கு உறுதியான நால்வரில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த ஓய்வுபெற்ற காவல் கண்காணிப்பாளர் தியாகராஜன் அதில் பேசினார். குண்டில் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட 9 வோல்ட் பேட்டரிகள் எதற்காக வாங்கப்பட்டன என்பது தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக அவர் ஒப்புக்கொண்டார். பின்னர் அதை உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் தந்தார். ஒரு வாக்கியம் விடுபட்டது. ஒருவர் கழுத்தில் கயிறு விழுந்தது. 2014இல் தூக்கு ஆயுளாகக் குறைந்ததும் 2022 மே 18 அன்று அவர் விடுதலையானதும் கருணை மனு, ஆளுநர் முடிவு ஆகியவற்றின் தாமதத்தை வைத்துத்தான். இந்தப் பேட்டி சட்டப்படியான காரணம் ஆகவில்லை. ஆனால் வரலாறு எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. வாக்குமூலத்தை நம்பி எடுத்த அத்தனை ‘உண்மைக் கதை’ப் படங்களும் அன்றோடு மறுவாசிப்புக்கு உரியவையாகிவிட்டன.

கடற்கரையைப் பற்றி ஒரு சொல். 1991 மே 1 அன்று சிவராசன் உட்பட 9 பேர் கோடியக்கரையில் படகில் வந்து இறங்கினார்கள். இருட்டு, எஞ்சின் சத்தம், மணலில் குதிக்கும் கால்கள் என்பதோடு திரையில் கடலின் வேலை முடிந்துவிடுகிறது. கடத்தல் படகுக்கும் மீன்பிடிப் படகுக்கும் வித்தியாசம் தெரியாத கண் அது. கரையில் வாழ்கிறவர்களுக்குக் கதை அங்கேதான் தொடங்கியது. புலிகளின் நடமாட்டத்தைக் கண்காணிக்க 1994இல் தமிழ்நாட்டில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்ற காவல் பிரிவு உருவானது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் மீனவர் அடையாள அட்டையும் வந்தது. கோடியக்கரையில் இறங்கிய ஒரு படகுக்காகப் பழவேற்காட்டுப் படகும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இந்தப் பின்விளைவை எடுத்துக்கொண்ட படம் இந்த வரிசையில் ஒன்றும் இல்லை.

2025 ஜூலையில் நாகேஷ் குக்குனூர் இயக்கிய ‘தி ஹன்ட்’ தொடர் சோனிலிவ் தளத்தில் வந்தது. அனிருத்ய மித்ரா எழுதிய நூலை ஒட்டியது. நாயகர் மறுபடியும் புலனாய்வுக் குழு. இணையத்தில் வந்ததால் ஏரியின் இரு கரையிலும் ஒரே நாளில் பார்க்க முடிந்தது. நேர்த்தியான தொடர்தான். ஆனால் 1992இன் குற்றப்பத்திரிகை எந்தக் கோணத்தில் நின்றதோ அதே கோணத்தில்தான் இதன் கேமராவும் நிற்கிறது.

இனி இப்படங்களை எடுப்பவரைக் கேட்டுப் பயனில்லை. கேட்க வேண்டியது அரசை. பூந்தமல்லி வழக்கின் சாட்சியங்கள், 17 வாக்குமூலங்களின் மூலப்பிரதிகள், கலைக்கப்பட்ட கண்காணிப்புக் குழுவின் கோப்புகள் ஆகியவற்றை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வைத்து, கேட்பவர் எவருக்கும் திறந்துவிட வேண்டும்.