சக்கரத்தின் தரம்

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே இன்று ஒரு மாநில எல்லை செல்லுகின்றது. 1956 நவம்பர் முதல் நாளுக்கு முன்னர் அங்கு எல்லை எதுவும் இல்லை. கேரளத்தில் தங்கிவிட்ட நெய்யாற்றின்கரைத் தாலுகாவும், சென்னை மாநிலத்தோடு இணைந்த விளவங்கோட்டுத் தாலுகாவும் முன்பு திருவிதாங்கூர் அரசுக்கே உரியவை. ஆதலின், தமிழ் பேசுவோர் இல்லமாயினும் மலையாளம் பேசுவோர் இல்லமாயினும், அவ்வூர்ப் பழம்பெட்டிகளில் இருப்பவை ஒரே சக்கரமும் காசும்தாம்.

அந்நாணயக் கணக்கு நேயர்களிற் பலருக்கு விந்தையாகத் தோன்றக்கூடும். பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும் கொடுத்தல் வேண்டும். இந்த அரைச் சக்கர வேற்றுமையை மறந்த வணிகன் இலாபம் கண்டிருக்க மாட்டான்!

வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது. எடை அரைக் கிராமும் இராது. அதனை விரலால் எண்ணுதல் அரிதாகையால், குழிகள் நிரையாக அமைந்த சக்கரப் பலகையைப் பயன்படுத்தினர். ஒரு பிடி சக்கரத்தைப் பலகைமேற் கொட்டிக் குலுக்கி, மிகுதியை வழித்துவிட்டால், குழிக்கு ஒன்றாகத் தொகை நின்றுவிடும். தேய்ந்த சக்கரமும் புதிய சக்கரமும் அப்பலகையில் ஒரே மதிப்புடையன.

நாணயத்தைச் சோதிக்கும் கலை நமக்குப் புதியதன்று. சங்கப் புலவர் சிலர் பெயரோடு வழங்கும் ‘வண்ணக்கன்’ என்னும் சொல் நாணயச் சோதகனையே குறிக்கும். அவன் நோக்கியது பொன்னின் மாற்றையும் எடையையும். உரைகல்லும் தராசும் யார் கையிலும் ஏறக்குறைய ஒரே விடையைத் தரும். இக்காலச் சேகரிப்பாளர் நோக்குவதோ தோற்றத்தை. 1949-இல் அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் தம் நாட்டுப் பழஞ்செம்புக் காசுகளுக்கு 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். எழுபதாம் படிக் காசு முதற்படிக் காசைப்போல் எழுபது மடங்கு விலை பெறும் என்பது அவர் கணக்கு. விலைகள் விரைவில் மாறின. எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. அதே 1949-இல் திருவிதாங்கூர் கொச்சியுடன் இணைந்தது. சக்கரத்தின் காலமும் முடிவுற்றது.

கையால் அடிக்கப்பட்ட சக்கரத்திற்கு இவ்வளவுகோல் பொருந்துமா? எனக்கு ஐயமே. அச்சைவிடத் தகடு சிறியதாதலின் முத்திரை பாதியே விழும். அடி மெலிந்தால் உருவம் மங்கும். பிறந்தபோதே மங்கிய காசை ஒருவர் ‘தேய்ந்தது’ என்பார். மற்றொருவர் ‘புழங்காதது’ என்பார். இருவரும் நேர்மையாளராகவே இருக்கலாம். ஆனால் வாங்கும்போது தேய்ந்ததாகத் தோன்றிய காசு, அதே வணிகரிடம் விற்கும்போது புழங்காததாகிவிடுவதை நேர்மையென்று கூறவியலாது. இழப்பவர், பாட்டியின் பெட்டியைத் திறந்து, விலை அறியாது கடைக்கு வரும் எளியவரே.

அவர் செய்யும் மற்றொரு பிழையும் உண்டு. கடைக்குப் புறப்படுமுன், குத்துவிளக்கைத் துலக்குவதுபோலக் காசையும் புளியிட்டுத் துலக்கிவிடுகிறார். பளபளப்பு வருகின்றது, நூறாண்டாகப் படிந்த மேல்நிறம் போய்விடுகின்றது. அதன்பின் அக்காசைக் குறைத்து மதிப்பதில் மட்டும் வணிகர் அனைவரும் ஒருமனப்படுவர்.