பிளாஸ்மா செல்

பிளாஸ்மா செல் என்பது எதிர்ப்பொருள்களைச் சுரக்கும் வெள்ளணு; பி செல்லின் கடைசி வளர்நிலை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நுண்ணோக்கியில் அடையாளம் காணப்பட்டிருந்தாலும், எதிர்ப்பொருளைச் சுரப்பது இதுவே என்று சுவீடன் ஆய்வாளர் ஆஸ்ட்ரிட் ஃபாக்ரேயஸ் 1948இல்தான் நிறுவினார்.

எலும்பு மஜ்ஜையில் உருவாகும் ஒவ்வொரு பி செல்லும் தன் சவ்வில் ஒரே வகை ஏற்பியைத் தாங்கியிருக்கும். அந்த ஏற்பி, சவ்வில் ஊன்றிய எதிர்ப்பொருளேதான். அதற்குப் பொருந்தும் ஆன்டிஜென், அதாவது எதிர்ப்பொருள் பற்றும் பொருள், நிணநீர் முடிச்சிலோ மண்ணீரலிலோ வந்து ஒட்டும்போது செல் தூண்டப்படுகிறது. ஆன்டிஜென் புரதமாக இருந்தால் அது மட்டும் போதாது. பி செல் அதை உள்ளிழுத்துத் துண்டாக்கி, உதவி டி செல்லிடம் காட்டி, அதன் இசைவையும் பெற வேண்டும். தன்னுடலையே தாக்கும் விபத்துக்கு இந்த இரட்டைச் சோதனை ஒரு தடை. முழுமையான தடை அல்ல.

பெருகும் செல்களில் சில உடனே பிளாஸ்மா செல்களாகி, பெரும்பாலும் ஐஜிஎம் வகை எதிர்ப்பொருளைச் சுரந்து, சில நாள்களில் மடிகின்றன. மற்றவை முளை மையம் எனப்படும் பகுதிக்குள் நுழைகின்றன. அங்கே ஏஐடி என்ற நொதி எதிர்ப்பொருள் மரபணுக்களில் வேண்டுமென்றே பிழைகளை விதைக்கிறது. உடலின் வேறெந்தச் செல்லிலும் இது ஆபத்து. இங்கே இதுதான் வழிமுறை. பிழையால் பிடிப்பு இறுகிய செல்கள் நிலைக்கின்றன, தளர்ந்தவை அழிகின்றன. தடுப்பூசி போட்டுச் சில வாரங்கள் கழித்துக் கிடைக்கும் எதிர்ப்பொருள் முதலில் வந்ததைவிட இறுக்கமாகப் பற்றுவது இதனால்தான். தேறியவற்றில் ஒரு பகுதி நினைவு செல்களாகத் தங்குகிறது; மற்றொரு பகுதி பிளாஸ்மா செல்களாகிறது.

பிளாஸ்மா செல்லாக மாறுவது என்பது பி செல்லின் அடையாளத்தையே கலைப்பது. பிளிம்ப்-1 என்ற புரதம், பி செல் தன்மையைக் காக்கும் பேக்ஸ்5 மரபணுவை அணைக்கிறது. எக்ஸ்பிபி1 என்ற மற்றொரு புரதம், சுரக்கவேண்டிய புரதங்கள் தயாராகும் எண்டோபிளாச வலைப்பின்னலை விரிக்கிறது. ஆர்.என்.ஏ. வேறுவிதமாக வெட்டப்படுவதால் எதிர்ப்பொருளைச் சவ்வில் ஊன்றும் வால் உதிர்ந்து, எதிர்ப்பொருள் வெளியே சுரக்கப்படுகிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள். முதிர்ந்த செல் பிரிவதில்லை. ஐஜிஜி வகை எதிர்ப்பொருளைச் சுரக்கும் செல்களில் மேற்பரப்பு ஏற்பியும் ஏறத்தாழ மறைந்துவிடுவதால், தான் எதிர்க்கும் கிருமியையே அவற்றால் உணர முடியாது.

சில பிளாஸ்மா செல்கள் எலும்பு மஜ்ஜையில் குடியேறி, அங்குள்ள ஏப்ரில் போன்ற புரதங்களின் ஆதரவில் பல ஆண்டுகள் வாழ்கின்றன. தட்டம்மை எதிர்ப்பொருள் பல பத்தாண்டுகள் நீடிப்பது இவற்றால்தான். இதே செல்கள் புற்றாகிப் பெருகினால் அது மல்டிபிள் மைலோமா. இடைவிடாத புரத உற்பத்தியே அப்போது அவற்றின் பலவீனமாகிறது: 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்டெசோமிப் மருந்து, செல்லின் புரதக் கழிவகற்றலை முடக்கி அவற்றைக் கொல்கிறது.