விளக்கை அளந்த உழக்கு

பாறசாலையிலிருந்து களியக்காவிளை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைபவர் 1956 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஓர் எல்லையைக் கடக்கிறார். நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது; விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. இப்பகுதியின் பழங்கல்வெட்டுகளுக்கு இந்த எல்லை தெரியாது. எல்லைக்குச் சற்று அப்பால், முன்சிறையை அடுத்த பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் திருமால் கோயிலும் 95 சட்டர்களுக்கான சாலையும் அமைத்த செய்தி தமிழ்ச் செப்பேட்டில் உள்ளது. ஆய், பாண்டியர், சோழர் என ஆட்சி மாறிய இம்மண்ணின் ஆவணங்களைப் படிக்கும் மாணவர்கள் ஓர் அளவையை அடிக்கடி எதிர்கொள்வர்: நந்தாவிளக்கு ஒன்று.

நந்துதல் என்றால் அணைதல், கெடுதல். மலையாளத்தில் இன்றும் கெடாவிளக்கு என்பர். 'விளக்கு ஒன்று' என்பதை நாம் பெரும்பாலும் பக்திச் செயலாகக் குறித்துவிட்டு அடுத்த வரிக்குச் செல்கிறோம். கல்வெட்டின் நோக்கில் அது ஓர் அலகு. அணையாது எரியும் ஒரு விளக்கு என்பது நாள்தோறும் ஓர் உழக்கு நெய், அதாவது நாழியில் கால் பங்கு. இராசராசன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் அந்த உழக்குக்கு ஈடு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். சோழநாட்டின் வேறு பல ஊர்களில் 90 ஆடுகள். பாண்டியர் கல்வெட்டுகள் பலவற்றில் 50 மட்டுமே.

இவ்வேறுபாட்டைக் கண்டதும் பாண்டிநாட்டில் விளக்கு மலிவு என்று முடிவு கட்டுவது தவறு. உழக்கு எந்த நாழியின் உழக்கு என்று கேட்காமல் ஆட்டுக் கணக்கை ஒப்பிட முடியாது. தஞ்சையில் ஆடவல்லான் என்னும் கோயில் அளவை. பாண்டிநாட்டில் நாராய நாழி. கருவி வேறானால் 'ஒன்று' என்பதும் வேறு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உழக்கு அளந்தது ஒளியை அன்று, எரிபொருளை. திரி தடித்ததா மெலிந்ததா, சுடர் எவ்வளவு பிரகாசித்தது என்பதை அந்த அளவை சொல்லாது. இதைப் பழமையின் குறைபாடாகக் கருத வேண்டியதில்லை. இலண்டனின் 1860ஆம் ஆண்டு எரிவாயுச் சட்டம் ஒளியின் அலகாக வைத்தது, ஒரு பவுண்டுக்கு ஆறு வீதம் வார்த்து, மணிக்கு 120 கிரெயின் எரியும் திமிங்கில மெழுகுவர்த்தியை. பிரான்சின் கார்செல் விளக்கு மணிக்கு 42 கிராம் கோல்சா எண்ணெய் குடித்தது. அங்கும் எரிபொருளும் காலமும்தான் சுடருக்குச் சான்று. நாளுக்குப் பதில் மணி. கேண்டெலா என்னும் அலகு 1948இல் ஏற்கப்பட்டது. எரிபொருளையும் சுடரையும் விட்டு நீங்கிய அந்த அலகு, 1979இல் 540 இலட்சம் கோடி ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட பச்சை ஒளியின் ஆற்றலோடு பிணைக்கப்பட்டது. ஆயினும் கடையில் நாம் இன்றும் 'ஒன்பது வாட் பல்பு' என்றுதான் கேட்கிறோம். வாட் மின்செலவின் அளவு. ஒளியின் அளவாகிய லூமன் அட்டைப்பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் கிடக்கிறது.

மெழுகுவர்த்தி அலகுக்கும் உழக்குக்கும் உள்ள பெரும் வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. மெழுகுவர்த்தி யாரையும் கட்டுப்படுத்தவில்லை. உழக்கோ ஓர் இடையரையும் அவர் வழித்தோன்றல்களையும் கட்டியது. 'சாவா மூவாப் பேராடு' என்ற தொடரைக் கவித்துவமாகப் பாராட்டுவோர் உண்டு. அது உண்மையில் ஒப்பந்த விதி. ஆடுகள் சாகும், மூப்படையும். எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது. நோயோ வறட்சியோ மந்தையைத் தாக்கினால் இழப்பு கொடையாளிக்கும் இல்லை, கோயிலுக்கும் இல்லை. ஈடுசெய்ய வேண்டியவர் மேய்ப்பவர். தஞ்சைக் கல்வெட்டுகள் ஆடு பெற்ற இடையர்களைப் பெயர் சொல்லிக் குறித்ததோடு, அவர்களுக்குப் பிணை நின்றோரையும் பதிவு செய்தன.

கொடையாளியின் பெயரையும் ஆட்சியாண்டையும் குறித்துக்கொள்வதோடு நம் அட்டவணைகள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. எல்லைப்புற ஆவணங்களைத் தொகுக்கும் மாணவர்கள் மூன்று பத்திகளைக் கூட்டிக்கொள்ளலாம்: எந்த நாழி, மந்தை யாரிடம், பிணை யார்.