விளக்கை வைத்துவிட்டு எழுதியவர்

போன மாதம் எங்கட அக்கா தன்ர ஆய்வறிக்கையைக் கொண்டுவந்து தந்தா. அவ தாதியக் கல்வி படிக்கிறா. "நீ கலைப்பீடம்தானே, கொஞ்சம் திருத்தித் தா" எண்டா. வார்ட்டில் நடந்ததைக் கதைக்கத் தொடங்கினா நிப்பாட்ட மாட்டா. அறிக்கையிலோ "சிறந்த பராமரிப்பு மிகவும் அவசியமானது" எண்ட மாதிரி வசனங்கள்தான் இருந்தது. கண்டது ஒண்டும் எழுத்தில் இல்லை.

இந்தச் சிக்கல் பழையது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் எண்டதும் எங்களுக்கு ஞாபகம் வாறது விளக்கோட நிக்கிற பெண். ஆனால் அவர் எழுதியவர்.

கிரிமியப் போர்க் காலத்தில், 1854 நவம்பரில், 38 தாதியரோடு ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனைக்குப் போனார். அங்கே இறந்தவர்களின் பதிவுகள்கூட ஒழுங்காக இல்லை. 1856இல் நாடு திரும்பியபின், புள்ளிவிபரவியலாளர் வில்லியம் ஃபாரின் உதவியோடு அந்தக் கணக்குகளைப் பிரித்துப் பார்த்தார். படையினரில் கூடுதலானோரைக் கொன்றது காயங்கள் அல்ல, தடுத்திருக்கக்கூடிய நோய்கள்.

1858இல் 800 பக்கங்களைத் தாண்டிய அறிக்கை அச்சானது. அட்டவணை வாசிக்கப் பஞ்சிப்படுகிறவர்களுக்காக வர்ண வரைபடமும் போட்டார்: தடுக்கக்கூடிய நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றக் காரணங்களுக்குக் கறுப்பு. மாதம் மாதமாக நீலம் எவ்வளவு பெரிசு எண்டு பார்த்த உடனே விளங்கும். 1860இல் லண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளிவிபர மாநாட்டுக்கு, எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரிப் படிவத்தில் பதிய வேண்டும் எண்ட திட்டத்தை முன்வைத்தார். ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு மாதிரி எழுதினால் எதை எதோட ஒப்பிடுவது?

ஒண்டை மறக்கக்கூடாது. நைட்டிங்கேல் வசதியான குடும்பம், அமைச்சர்களைத் தெரியும். சாதாரண தாதி ஒருவர் தான் கண்டதை எங்கே எழுதுவது? அமெரிக்காவில் 1900 ஒக்டோபரில்தான் 'அமெரிக்கன் ஜேர்னல் ஒஃப் நர்சிங்' வெளிவந்தது. ஆய்வுக்கென்றே 'நர்சிங் ரிசேர்ச்' வந்தது 1952இல். ஸ்கூட்டாரியிலிருந்து அதுக்கு ஏறத்தாழ நூறு வருசம்.

நானும் அக்காவும் அந்தச் "சிறந்த பராமரிப்பு" வசனத்தை வெட்டினோம். எத்தனை நோயாளர்? எத்தனை நாள் பார்த்தனீங்கள்? எதை, எப்பிடி அளந்தனீங்கள்? கொப்பியைத் திறக்காமலே எல்லாத்துக்கும் பதில் சொன்னா. நான் சொல்லச் சொல்ல எழுதினன், அவ்வளவுதான்.

உங்கட வீட்டிலும் தாதியக் கல்வி படிக்கிற ஒராள் இருந்தால், இலக்கணம் திருத்த முதல் இதைக் கேட்டுப் பாருங்கோ.